மாடி வீட்டுப் பூனைக்கு வெளிக்காற்று: உப்புக்காற்று ஊரில் எந்த வழி சரி?

ஒரே கேள்வி என்னிடம் மூன்று விதமாக வந்திருக்கிறது. இராமநாதபுரம் மாவட்டத்தில், பட்டணம்காத்தானில் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கும் ஓர் ஆசிரியை, தன் பூனை நாள் முழுவதும் பால்கனிக் கதவைப் பிறாண்டுகிறது என்கிறார். திறந்துவிட ஆசை, பயம் தடுக்கிறது. கீழக்கரையில் இரண்டாம் மாடியில் வசிக்கும் ஒரு குடும்பம், பூனையை அடைத்து வளர்ப்பது நம் ஊர் வழக்கமே இல்லையே, அது இறங்கி ஏற ஒரு பலகைப் படி வைத்துவிடலாமா என்று கேட்கிறது. மண்டபத்துக்காரர் ஒருவர், பால்கனிக்கு அடித்த இரும்புக் கம்பிவலை துருவேறிப் பொடிப்பொடியாக உதிர்கிறது, இனி எதைப் போடுவது என்கிறார்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடற்கரையில் மாடியில் குடியிருப்பவர்களில் பெரும்பாலோருக்கு, பால்கனியை முழுவதுமாக நூல் வலையால் மூடுவதுதான் சரியான வழி. ஆனால் பால்கனியே இல்லாத வீடு உண்டு, சொந்த மொட்டை மாடி உள்ள வீடு உண்டு, சுற்றுச்சுவருக்குள் முற்றம் உள்ள வீடும் உண்டு. அவர்களுக்கு வேறு வழி பொருந்தலாம். அதனால் ஒவ்வொன்றையும் எடைபோட்டுப் பார்ப்போம்.

பூனை வெளியே எதைத் தேடுகிறது என்பதில் தெளிவு இருந்தால் பாதிக் குழப்பம் தீரும். காலை வெயிலில் படுக்க வேண்டும். காற்றில் வரும் வாடைகளை முகர வேண்டும். காகம், அணில், தெருவில் போகும் ஐஸ் வண்டி என அசைகிற எதையாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உயரத்தில் உட்கார வேண்டும். இவை அனைத்தும் மாடியிலேயே கிடைக்கும். தரையில் கூடுதலாகக் கிடைப்பவை வேட்டையும், எல்லை வகுத்துச் சண்டை போடுவதும்தான். பூனையின் உயிருக்கு வரும் ஆபத்துகளில் பெரும்பகுதி அந்த இரண்டோடும் சேர்ந்தே வருகிறது.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், விழும் ஆபத்து. பூனை எப்படி விழுந்தாலும் நான்கு காலில் நிற்கும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அதற்கு ஆதரவாகப் பலர் எடுத்துக்காட்டுவது 1987இல் நியூயார்க்கிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு. உயரமான கட்டடங்களிலிருந்து விழுந்து மருத்துவமனைக்கு வந்த 132 பூனைகளில் சுமார் 90 சதவீதம் பிழைத்தன என்றது அது. ஆனால் விழுந்த இடத்திலேயே இறந்தவற்றை யாரும் மருத்துவமனைக்குத் தூக்கி வரவில்லை. அவை அந்தக் கணக்கில் இல்லை. வந்தவற்றிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவசர சிகிச்சை தேவைப்பட்டது. தாடை உடைவது, மேலண்ணம் பிளப்பது, நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிவது ஆகியவை இத்தகைய விழுதலில் வழக்கமாக ஏற்படும் காயங்கள். இரவில் அப்படி ஒரு பூனையைத் தூக்கிக்கொண்டு இராமநாதபுரத்திலிருந்து மதுரைவரை போவதென்றால் நூறு கிலோமீட்டருக்கு மேல். நூறு முறை கைப்பிடிச் சுவரில் நடந்த பூனை நூற்றியோராவது முறை ஒரு புறாவைப் பார்த்துப் பாய்ந்துவிடும்.

இரண்டாவது, உப்பும் காற்றும். வேறு ஊர்களில் எழுதப்படும் யோசனைகள் நமக்குப் பயன்படாமல் போவது இந்த இடத்தில்தான். 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவார்கள். உப்பு அரித்து அரித்து, 2022 டிசம்பரில் அந்தப் பாலத்தில் ரயில் போக்குவரத்தே நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் போட்டு, மேலே துரு தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சு அடித்திருக்கிறார்கள். பாலத்துக்கே அந்தப் பாடு என்றால், கடையில் வாங்கிய துத்தநாகப் பூச்சுக் கம்பிவலை உங்கள் பால்கனியில் எத்தனை நாள் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். கடலை ஒட்டிய மண்டபம், பாம்பன், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி ஆகிய ஊர்களில் இந்த அளவுகோலுக்கு முதலிடம் கொடுங்கள். கடலிலிருந்து தள்ளி இருக்கும் இராமநாதபுரம் நகரத்தில் சற்றே தளர்த்திக்கொள்ளலாம்.

மூன்றாவது வெயில். பூனையின் இயல்பான உடல் வெப்பமே 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். சித்திரை, வைகாசியில் மாடித் தளம் நம் உள்ளங்காலையே சுடுகிறது. பூனையின் பாதத்துக்கும் அதே சூடுதான். நிழலும் தண்ணீரும், வீட்டுக்குள் திரும்பி வரத் திறந்த வழியும் இல்லாத எந்த ஏற்பாடும் பாதுகாப்பானது ஆகாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பூனை வெளியே போகும் வழியில் எதெல்லாம் உள்ளே வரும்? வீட்டுக்காரர் சம்மதிப்பாரா, வீடு மாறும்போது கழற்றி எடுத்துப்போக முடியுமா? பக்கத்து வீட்டில் காயும் கருவாட்டுக்கு நம் பூனையால் தொல்லை வருமா? தினமும் உங்கள் நேரத்தில் எவ்வளவு கேட்கும்?

## ஜன்னல் கூண்டு

ஜன்னலுக்கு வெளியே ஓர் அடி, ஒன்றரை அடி துருத்திக்கொண்டிருக்கும் பெட்டி கிரில் பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. அதன் அடியில் ஒரு பலகையைப் பதித்து, உட்புறம் வலை கட்டினால் வேலை முடிந்தது. பால்கனி இல்லாத வீட்டுக்கு இதுவே முதல் தேர்வு. செலவு மிகக் குறைவு, வீட்டுக்காரரிடம் பெரிய பேச்சு தேவையில்லை.

கிரில் கம்பிகளுக்கு இடையே இருக்கும் இடைவெளியை நம்பிவிடாதீர்கள். பூனையின் தலை நுழைந்தால் உடலும் நுழைந்துவிடும். குட்டிக்கு 5 செ.மீ. போதும். பழைய கிரில் என்றால் சுவரில் பதிந்திருக்கும் முனைகளைச் சுரண்டிப் பாருங்கள். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும், சுவருக்குள் போன கம்பி மெலிந்து நூலாகியிருக்கும். இரண்டு பூனைகள் ஏறினால் எட்டுக் கிலோ எடை. அவை குதித்து ஏறும்போது கம்பியில் விழும் சுமை அதைவிட அதிகம்.

எந்தத் திசை ஜன்னல் என்பதும் முக்கியம். கிழக்கு ஜன்னலில் காலை வெயில் விழுந்து, பகலில் நிழல் தங்கும். பூனைக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வாடைக் காற்றோடு வரும் மழை அந்தப் பக்கமாகத்தான் அடிக்கும், அப்போது சாத்திவைத்தால் போதும். மேற்கு ஜன்னலில் பிற்பகல் முழுவதும் வெயில் காயும், மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றோடு மணலும் வந்து பூனையின் கண்ணில் விழும். மேற்கு ஜன்னல் மட்டுமே இருக்கும் வீட்டில் காலை நேரத்துக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.

மறைமுகச் செலவு, ஆண்டுக்கு ஒருமுறை துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்துப் பெயின்ட் பூசுவது. பூச்சு நன்றாகக் காயும்வரை பூனையை அங்கே விடக் கூடாது. காலில் ஒட்டியதை அது நக்கிவிடும்.

## பால்கனி முழுவதும் வலை

வீட்டுக்குள்ளிருந்து பூனை தானாகவே போய் வரலாம், நீங்கள் காவல் இருக்க வேண்டியதில்லை என்பதே இந்த வழியின் பெரிய நன்மை. நாற்காலி போட்டு நீங்களும் உட்காரலாம். வெற்றி தோல்வி முழுவதும் நீங்கள் எந்த வலையைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. அதனால் இந்தப் பகுதியில் கொஞ்சம் நீளமாகவே பேசப் போகிறேன்.

துத்தநாகப் பூச்சுக் கம்பிவலையைக் கடலோர ஊர்களில் வாங்கவே வேண்டாம். பற்றவைத்த முனைகளில்தான் உப்பு முதலில் பிடிக்கும். ஒரு முனை விட்டுப்போனால் அங்கே கூரிய கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும், பூனையின் கண் உயரத்தில். மண்டபத்துக்காரருக்கு நான் சொல்வது: புதிய வலையைப் பற்றி யோசிக்கும் முன் பழையதை முழுவதுமாகக் கழற்றுங்கள். உதிரும் வலை இருப்பது, வலையே இல்லாமல் கதவைச் சாத்தி வைப்பதைவிட ஆபத்து. பாதுகாப்பு இருக்கிறது என்று நினைத்துக் கதவைத் திறந்துவிடுவோம்.

துருப்பிடிக்காத எஃகு வலை நல்லது, விலைதான் அதிகம். 304 ரகத்தில் கடலோரத்தில் பழுப்புப் புள்ளிகள் விழும். மாலிப்டினம் கலந்த 316 ரகம் உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும். இதை வாங்கிவிட்டு, மாட்டுவதற்குச் சாதாரண இரும்புத் திருகாணி போடுகிறார்கள். வலை புதிதுபோல் இருக்கும், ஆணி அரித்து ஒருநாள் சட்டமே சாய்ந்துவிடும். ஆணி, கொக்கி, கம்பி எல்லாம் அதே எஃகாக இருக்க வேண்டும். கம்பியைக் கடிக்கும் பழக்கமுள்ள பூனைக்கும், சொந்த வீட்டுக்கும் இது ஏற்றது.

இனி நூல் வலை. இந்த விஷயத்தில் நாம் அதிர்ஷ்டசாலிகள். வலை விற்கும் கடைகளும், வலை பின்னத் தெரிந்த கைகளும் இங்கே இருப்பதுபோல் வேறு எந்த ஊரில் இருக்கின்றன? ஆனால் மீனுக்கான வலையெல்லாம் பூனைக்கு ஆகாது. தங்கூசி வலை வேண்டவே வேண்டாம். அந்த மெல்லிய ஒற்றை இழையில் நகம் சிக்கினால் பூனை உதறி உதறித் தன் காலையே அறுத்துக்கொள்ளும். கடலில் பயன்படுத்திய பழைய வலையும் வேண்டாம். எத்தனை முறை அலசினாலும் மீன் வாடை போகாது, பூனை அதை மென்றுகொண்டே இருக்கும். விழுங்கிய நூல் குடலைச் சுருட்டி இழுத்து, அறுத்துவிடக்கூடியது. பூனையின் வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்கினால் இழுக்காமல், அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

வாங்க வேண்டியது, புதிய, முறுக்கு நூலில் முடிச்சுப் போட்ட, கருப்பு ஹெச்.டி.பி.இ. (உறுதியான ஒரு பிளாஸ்டிக்) வலை. நைலான் தண்ணீரை உறிஞ்சும், நனைந்தால் தளர்ந்து தொங்கும், இது உறிஞ்சாது. கருப்பு நிறம் கொடுக்கும் கரித்தூள்தான் வெயிலில் நூல் நைந்துபோகாமல் காக்கிறது. நீலம், பச்சை வலைகளில் வெயில் தாங்கும் கலவை சேர்த்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

அளவில் ஏமாந்துவிட வேண்டாம். வலைக் கடையில் கண்ணியை இழுத்துப் பிடித்து எதிரெதிர் முடிச்சுகளுக்கு இடையே அளப்பது வழக்கம். அவர்கள் 50 மி.மீ. என்று சொல்வது, கட்டிய பிறகு பக்கத்துக்கு 25 மி.மீ. வரும் சதுரம். புறா வலை விற்பவர்கள் சொல்லும் 50 மி.மீ. பெரும்பாலும் சதுரத்தின் பக்கத்தையே குறிக்கும், அதாவது இருமடங்கு பெரிய ஓட்டை. வளர்ந்த பூனையை அது தடுக்கும், குட்டியைத் தடுக்காது. பெரிய பூனையும் காலை முழுதாக நீட்டிச் சிக்க வைத்துக்கொள்ளும். பக்கத்துக்கு 25 முதல் 30 மி.மீ. என்று தெளிவாகச் சொல்லி வாங்குங்கள்.

கட்டும் முறையில் இரண்டு வழிகள் உண்டு. சுவரில் துளையிட்டு எஃகுக் கொக்கி பதித்து, சுற்றிலும் விளிம்புக் கயிறு ஓட்டி, வலை ஊசியால் கண்ணிக்குக் கண்ணி கோத்துக் கட்டுவது ஒன்று. இதுவே உறுதியானது. பழைய கட்டடத்தில் கவனம் தேவை: கைப்பிடிச் சுவர் ஏற்கெனவே விரிசல் விட்டுப் புடைத்திருந்தால் உள்ளே கம்பி துருவேறியிருக்கிறது என்று அர்த்தம். அங்கே துளையிட்டால் உப்பு உள்ளே போக நாமே வழி திறந்துவிடுவோம். அந்தச் சுவரைச் சரிசெய்த பிறகே கொக்கி.

இரண்டாவது வழி வாடகை வீட்டுக்கு. பிவிசி குழாயில் பால்கனி அளவுக்குச் சட்டம் செய்து, வலையை அதில் கோத்து, சட்டத்தை கிரில்லோடும் தூணோடும் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது. துரு இல்லை, துளை இல்லை, வீடு மாறும்போது கழற்றி எடுத்துப்போகலாம். பட்டணம்காத்தான் ஆசிரியைக்கு இதுவே என் பதில். குழாய் வெயிலில் நாளாவட்டத்தில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். வெள்ளைப் பெயின்ட் பூசினால் ஆயுள் கூடும். பிளாஸ்டிக் கேபிள் டைகளைத் தற்காலிகமாக மட்டும் பயன்படுத்துங்கள், வெயில் அவற்றைத்தான் முதலில் முறிக்கும்.

இந்த வழியின் மறைமுகச் செலவு பணத்தில் இல்லை. துணி காயப்போடும் இடம் போகிறது. ஏசி பழுதுபார்க்க வருபவர் வலையை அவிழ்க்க வேண்டியிருக்கிறது. அவர் போனபின் அந்த மூலையை நீங்களே கையால் இழுத்துப் பாருங்கள். தீ விபத்தில் வெளியேற பால்கனிதான் வழி என்றால், ஒரு பக்கம் உள்ளிருந்து திறக்கும்படி கொக்கிக் கதவு வையுங்கள். வெயில் மறைக்க வலைமேல் தார்ப்பாய் கட்டக் கூடாது. வலைக்குள் காற்று ஊடுருவிப் போய்விடும். தார்ப்பாய் கட்டினால் மொத்தமும் பாய்மரமாகிக் கொக்கிகளைப் பிடுங்கும். நிழலுக்கு உட்புறமாக ஒரு கோரைப்பாய் தொங்கவிட்டால் போதும்.

## மொட்டை மாடிக் கூண்டு

சொந்த வீடு, மொட்டை மாடி முழுக்க உங்கள் பொறுப்பு, மூன்று நான்கு பூனைகள் என்றால் இதைவிடச் சிறந்தது இல்லை. ஓடக்கூட இடம் இருக்கும். வேறு எவருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றடிக் கைப்பிடிச் சுவர் பூனைக்கு ஒரு தடையே இல்லை, ஐந்தடிச் சுவரிலும் தாவி ஏறிவிடும். அதனால் நான்கு பக்கமும் மேற்புறமும் மூடிய கூண்டாகத்தான் இருக்க வேண்டும். மேலே மூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: மீன் இறங்கும் ஊர்களில் செம்பருந்துகள் எப்போதும் வட்டமிட்டுக்கொண்டிருக்கும். சில வாரக் குட்டி அவற்றுக்குத் தூக்கும் எடைதான். சவுக்குக் கம்பில் சட்டம் போடுவது மலிவு, இரும்பைவிட இந்தக் காற்றுக்கு நல்லது. தென்னங்கீற்றுக் கூரை குளுமை தரும். கச்சான் காற்றில் பிய்ந்துபோகும், தேள் தங்கும், அடிக்கடி மாற்ற வேண்டும்.

கருவாடும் வற்றலும் வடகமும் காய்வது அந்த மாடியில்தான். கூண்டு போட்டால் பூனை அவற்றைத் தொடாது, ஆனால் மணம் பிடித்துக் கத்திக்கொண்டே இருக்கும். தண்ணீர்த் தொட்டியின் மூடியைப் பூட்டி வையுங்கள். பூனையைக் கூடையில் வைத்து ஏற்றி இறக்க தினமும் இருமுறை நேரம் வேண்டும், காலை எட்டுக்குள், மாலை ஐந்தரைக்கு மேல். பகலில் அங்கே விட்டுவிட்டு வேலைக்குப் போவது கூடவே கூடாது.

## மார்புப் பட்டையும் கயிறும்

நிதானமான, பயப்படாத ஒரே ஒரு பூனை இருக்கிறது, உங்களிடம் பொறுமையும் இருக்கிறது என்றால் இது நல்ல துணை ஏற்பாடு. மொட்டை மாடியில் அரை மணி நேரம் நடத்திக் கூட்டிவரலாம். முதலில் வீட்டுக்குள் பட்டையை மட்டும் போட்டுப் பழக்கி, பிறகு கயிறு, பிறகு மாடி என்று வாரக்கணக்கில் போக வேண்டும்.

கயிற்றைக் கழுத்துப் பட்டையில் கட்டக் கூடாது. கயிற்றைத் தூணில் கட்டிவிட்டு நீங்கள் துணி எடுக்கப் போகவும் கூடாது. சுவரைத் தாண்டிக் குதித்தால் பூனை கயிற்றில் தொங்கும். பயந்த பூனை பின்பக்கமாக நெளிந்து பட்டையிலிருந்து கழன்றுவிடும், அதனால் திறந்த கைப்பிடிச் சுவருக்கு அருகே போகவே வேண்டாம். அரியமான் கடற்கரைக்கு அழைத்துப்போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இல்லை என்பதுதான். கூட்டமும் நாய்களும் பூனைக்கு இன்பமாக இருக்காது, நமக்குத்தான் படம் எடுக்க நன்றாக இருக்கும்.

## கீழே இறங்க ஏணி

சுவிட்சர்லாந்தின் பெர்ன் போன்ற நகரங்களில் அடுக்குமாடிச் சுவர்களில் பூனைகளுக்கென்றே சிறு ஏணிகள் வளைந்து வளைந்து இறங்குகின்றன. படங்களைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். பூனைக்கு முழுச் சுதந்திரம், நமக்கு ஒரு பலகையின் செலவு.

நம் தெருவில் அந்த ஏணியின் அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தெரு நாய்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விரையும் மீன் வண்டிகள். எலி மருந்து தின்று தள்ளாடும் எலி. அதைத் தின்ற பூனைக்கும் அதே நஞ்சு. வறண்ட புதர்களில் சுருட்டை விரியன். தடுப்பூசி போடாத தெருப் பூனைகளிடமிருந்து குடல் அழற்சி வைரஸ். அது மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஏணி இருவழிப் பாதை என்பதையும் மறக்க வேண்டாம். உங்கள் பூனை இறங்கும் அதே பலகையில் வேறு கடுவனும் எலியும் பாம்பும் ஏறிவரும். கீழ்வீட்டுக் கருவாட்டில் வாய் வைத்தால், அவர்கள் வீட்டு வருமானத்தில் கைவைத்த மாதிரி. அந்தக் கோபம் பூனைமேல்தான் இறங்கும்.

ஏணி சரியாக வரும் ஒரு சூழ்நிலை உண்டு, அது கீழக்கரையில் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. கீழும் மேலும் ஒரே குடும்பம், நடுவில் முற்றம், சுற்றிலும் உயர்ந்த சுவர், தெருக்கதவு எப்போதும் சாத்தியிருக்கும். அந்த முற்றத்துக்குள் மட்டும் இறங்கும் ஏணி அருமையானது. முற்றத்தின் மேல்பக்கம் திறந்திருந்தால் வலை போடுங்கள். சவுக்குக் கம்பில் தென்னை நார்க் கயிறு இறுக்கமாகச் சுற்றினால் நகம் பிடிக்கும், மழையிலும் வழுக்காது. சாய்வு 45 டிகிரிக்கு மேல் போக வேண்டாம். ஏறுவது பூனைக்கு எளிது, இறங்குவதுதான் கடினம். என்னிடம் கேட்ட கீழக்கரைக் குடும்பத்தின் ஏணி தெருவில் இறங்குவதானால் வேண்டாம், முற்றத்தில் இறங்குவதானால் தாராளமாகச் செய்யலாம்.

## ஒரே பார்வையில்

| வழி | விழும் ஆபத்து | உப்பு, காற்று | வாடகை வீடு | உங்கள் நேரம் |
|---|---|---|---|---|
| ஜன்னல் கூண்டு | குறைவு, கிரில் உறுதியானால் | ஆண்டுதோறும் பெயின்ட் | எளிது | மிகக் குறைவு |
| பால்கனி வலை | மிகக் குறைவு | கருப்பு நூல் வலை நன்றாகத் தாங்கும் | பிவிசி சட்டத்தில் முடியும் | வாரம் ஒருமுறை சோதனை |
| மாடிக் கூண்டு | குறைவு, மேற்புறமும் மூடினால் | காற்று அடி அதிகம் | கடினம் | தினமும் இருமுறை |
| பட்டையும் கயிறும் | கையை விட்டால் அதிகம் | கவலை இல்லை | தடை இல்லை | தினமும், பொறுமையோடு |
| தெருவுக்கு ஏணி | குறைவு, தரையில்தான் ஆபத்து | நார்க் கயிறு மாற்ற வேண்டும் | சம்மதம் கிடைப்பது அரிது | வெளியே குறைவு, கவலையில் அதிகம் |

எந்த வழியானாலும் இரண்டு செலவுகளைத் தவிர்க்க முடியாது. ஒன்று கருத்தடை அறுவை சிகிச்சை, ஐந்தாறு மாத வயதில். அது செய்யாத கடுவன் தெருவில் ஒரு பெட்டையின் குரல் கேட்டால் வலையை நாள்கணக்கில் கிழித்துப் பார்க்கும். மற்றொன்று தடுப்பூசி: மூன்று மாத வயதில் வெறிநோய்க்கு, பிறகு மருத்துவர் சொல்லும் கணக்கில். தெள்ளுப்பூச்சி மருந்து வாங்கும்போது நாய்க்கானதை வாங்கிவிடாதீர்கள். பெர்மெத்ரின் கலந்தவை பூனையைக் கொன்றுவிடும்.

பால்கனித் தொட்டிகளையும் ஒருமுறை பாருங்கள். அரளியும் செங்காந்தளும் பூனைக்குக் கொடிய நஞ்சு, லில்லிப் பூவின் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். பூஜைக்கு அரளி வேண்டுமென்றால் செடியைக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். அவற்றின் இடத்தில் ஒரு தொட்டியில் அருகம்புல் போடுங்கள், பூனை விரும்பிக் கடிக்கும்.

## எப்போது கட்டுவது, எப்படிப் பழக்குவது

வலை கட்ட நல்ல காலம் சித்திரை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால் வலை வேலை தெரிந்தவர்கள் கரையில் இருப்பார்கள். உரிய கூலி கொடுத்து அவர்களைக் கூப்பிடுங்கள். விளிம்பை அவர்கள் முடிச்சுப் போடும் விதத்துக்கு எந்த ஆயத்தக் கொக்கியும் ஈடாகாது. தடைக்காலத்தின் தொடக்கத்திலேயே கட்டி முடித்தால், கச்சான் காற்று முழு வேகம் பிடிக்கும் முன் குறை இருந்தால் தெரிந்துவிடும்.

முதல் ஒரு வாரம் நீங்கள் உடன் இருக்கும்போது மட்டும் பூனையை விடுங்கள். அது எந்த மூலையை முகர்கிறது, எங்கே தலையால் முட்டுகிறது, எந்த முடிச்சைக் கடிக்கிறது என்று பாருங்கள். நாம் கவனிக்காத இடைவெளியைப் பூனைதான் முதலில் கண்டுபிடிக்கும், பெரும்பாலும் ஏசி பெட்டிக்குப் பின்புறமோ தரையோரத்திலோ. அங்கே இன்னொரு கயிறு ஓட்டுங்கள். பிறகு வாரம் ஒருமுறை விளிம்பு நெடுகிலும் விரலை விட்டு இழுத்துப் பாருங்கள். நூல் வெளிறி, தேய்த்தால் தூள் ஒட்டுகிறது என்றால் அந்த வலையின் காலம் முடிந்தது, மாற்றிவிட வேண்டும்.

பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய செய்தி வந்தால், கோரைப்பாயையும் பலகையையும் தொட்டிகளையும் உள்ளே எடுத்துவிட்டு, பூனையையும் உள்ளே விட்டுக் கதவைத் தாழிடுங்கள். வலை மட்டும் வெளியே இருக்கட்டும். புயல் கரையைக் கடந்தபின் எல்லாக் கொக்கிகளையும் சோதித்துவிட்டு, வலையில் படிந்த உப்பை நல்ல தண்ணீரால் அலசிய பிறகு கதவைத் திறக்கலாம்.